ஒரு நூல் தள்ளி

ரம்பம் பலகையைத் தொடாமல் நிற்கிறது. பலகையில் ஒரு பென்சில் கோடு. போன மாதம் விபத்தில் செத்துப்போன அண்ணன், பிறக்கவிருந்த தன் குழந்தையின் தொட்டிலுக்காக இழுத்த கோடு அது. அதன் மேல் அறுத்தால் கோடு தூளாகிவிடும். இருவர் வேலை செய்த பட்டறையில் இப்போது தம்பி மட்டும் நிற்கிறான். போனில் அண்ணி. “என்ன கொழுந்தனாரே, நேத்துப் பொறந்தவ காலேஜ் போறதுக்குள்ள தொட்டில் வந்துடுமா?” அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோகிறது. “நாளைக்கே வந்துடும் அண்ணி.” ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. ரம்பத்தைக் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் தள்ளி வைக்கிறான். தொட்டில் சற்றுப் பெரிதாகும், ஆகட்டும். முதல் இழுப்பிலேயே தூள் விழுந்து கோட்டை மூடுகிறது. பதறிக் குனிந்து ஊதுகிறான். கோடு அப்படியே இருக்கிறது.