சித்தப்பா வராத கல்யாணம்

மூன்றாவது தடவையும் திரை முழுக்கச் சிவப்பு. ஜாஸ்பர் கடைக் கம்ப்யூட்டருக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை முதலாளி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி லேசாகச் செருமினார்.

அக்கா ஜாய்லினும் அவனும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு இதுதான் முதல் வேலை. பில் போடுகிற சாப்ட்வேரை எழுதுவது அக்கா. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று டெஸ்ட் வைப்பது தம்பி. தப்பென்றால் சிவப்பு, சரியென்றால் பச்சை. அக்கா நேற்றே கடைக்கு வந்து போயிருந்ததால் சாப்ட்வேரை ஏற்றியிருப்பாள் என்று நினைத்து, இன்றைக்குத் தன் முறை என்று பைக்கில் முந்தி வந்து அவன்பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டான்.

ஆடித்தபசுத் திருவிழா வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். மதியத்துக்குள் பச்சை விழாவிட்டால் ராஜபாளையத்து சாப்ட்வேர்க்காரனைக் கூப்பிட்டுக்கொள்வதாக அண்ணாச்சி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கோளாறு என்னவோ சின்னதுதான். மாதப் பெயர், ரூபாய்க் குறி, தேதி எழுதும் முறை என்று ஒவ்வொரு மொழிக்கும் உரிய விவரங்கள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். கடையில் இருந்ததோ ஓட்டை உடைசல். தமிழுக்கான விவரம் அதில் மருந்துக்கும் இல்லை. டெஸ்ட் முதல் படியிலேயே அதைத் தேடி, காணாமல், குப்புற விழுந்துகொண்டிருந்தது.

ஜாஸ்பர் அக்காவுக்குப் போன் போட்டான். அவள் ராயகிரி பஸ்ஸில், தபசுக் கூட்டத்தில் மாட்டி, பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி புலம்பி முடிக்கிறவரை கேட்டாள்.

"ஏலே, சித்தப்பா ஒருத்தரு வரலன்னு கல்யாணத்த நிறுத்துவாங்களா? வராதவர விட்டுட்டு அடுத்த ஆளப் பாக்கச் சொல்லி எழுதுல. பொறவு நான் வந்து..."

மேற்கொண்டு கேட்க அவனுக்கு ஏது பொறுமை? போனை வைத்துவிட்டான்.

அக்கா மூளையே மூளை என்று மெச்சிக்கொண்டே எழுதினான். எழுதினவன் அளவோடு நிறுத்தினானா? அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் சித்தப்பா மட்டுமா முறுக்கிக்கொண்டு வராமல் இருப்பார்? மாமா, பெரியப்பா, அத்தை என்று ஒரு படையே உண்டு. அதனால் எதைக் காணோமென்றாலும் சரி, வாயைத் திறக்காமல் தாண்டிப் போய்விடு என்று பொதுவாகவே எழுதிவைத்தான்.

பட்டனைத் தட்டினான். வழக்கமாக ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஓடும் டெஸ்ட், அவன் டம்ளரை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை பச்சைப்பசேல்.

ஜாஸ்பருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அண்ணாச்சி எழுந்து வந்து தோளைத் தட்டினார். இனி தம்முடைய எல்லாக் கடைக்கும் நீங்கள்தான் என்றார். பழைய பில் புத்தகங்களை அள்ளிப் பரணில் போடச் சொன்னார். அல்வா வாங்க ஆள் போய், அல்வாவும் வந்துவிட்டது. பில்லுக்காகப் பெண்கள் சேலையும் கையுமாக வரிசையில் நின்றார்கள்.

வேர்த்து விறுவிறுத்து ஜாய்லின் உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

"எல்லாம் பாஸுக்கா," என்று தம்பி ஒரு துண்டு அல்வாவை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பையைத் திறந்து, சாப்ட்வேர் இருந்த பென்டிரைவை எடுத்து, அல்வாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாப்பிள்ளையே இப்பத்தாம்ல பஸ்ஸ விட்டு எறங்குதாரு."