பத்தடி பின்னால்

"இன்னிக்கே அந்தாளை அனுப்பிடு. இல்லேன்னா நான் போலீஸைக் கூப்பிடுவேன்" என்றார் வகுப்பை நடத்தும் முதலாளி பெக் மேடம்.

"நானா?"

"பின்னே? உன் வகுப்புதானேடா. பேர் அட்டையைக் கிழிச்சுப் போடு. நாளையிலேர்ந்து வராதீங்கன்னு சொல்லு. பாடம் ரெண்டை ஆரம்பி. அவ்வளவுதான்."

அந்தாள் என்றால் வால்டர். வயது எழுபத்தொன்று. கொரியாவின் மோக்போ துறைமுகத்துப் பக்கம், மருந்துக்கடை மாடியில் இருக்கிற எங்கள் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் எல்லோருக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்து, அட்டையில் எழுதி முன்னால் வைத்துவிடுவோம். சொந்தப் பெயர் பதிவேட்டோடு சரி. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். சின்ன வயதில் ஆறு வருஷம் ஆக்லாந்தில் இருந்ததால் நாக்கு மட்டும் வேலைக்கு ஆகிறது.

மொத்தம் ஆறு நிலை. மாதாமாதம் பரீட்சை. ஏறுவார்கள், இல்லை நிற்பார்கள். இரண்டு பேர் மட்டும் இறங்கினார்கள்.

முதலில் ரூபி என்கிற அம்மா. ஆறிலிருந்து ஐந்து. அடுத்த பரீட்சையில் வால்டரும் ஐந்து. அந்த அம்மா நாலுக்குப் போனால் இவரும் நாலு. இரண்டு வருஷத்தில் இருவரும் என்னுடைய ஒன்றாம் நிலைக்கு வந்துவிட்டார்கள். அதற்குக் கீழே நிலை கிடையாது.

"அவரு வேணும்னே தோக்குறாரு, சின்ன வாத்தியாரே" என்றாள் கடற்பாசி விற்கிற ஜெசிகா. "பூனை மீன்கூடையைப் பாக்குற மாதிரி அந்தம்மாவையே பாக்குறாரு. வீட்டுக்குப் போறப்பகூடப் பத்தடி பின்னாலயே போறாரு."

வேணுமென்றே என்பது எனக்கும் தெரியும். பஸ் நிறுத்தத்தில் வழி தவறிய வெள்ளைக்காரருக்கு அவர் வழி சொன்னதைக் கேட்டேன். என்னைவிட நல்ல ஆங்கிலம். அரை மணி கழித்து வகுப்பில், "நான்... வால்டர்..." என்று திக்குகிறார்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது அவர் இல்லை. ரூபி.

தினமும் சாம்பல் நிறக் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நான் இன்னிக்குத்தான் சேர்ந்தேன்" என்பார். புதிதாகப் பேர் அட்டை எழுதுவார். என் மேசை இழுப்பறையில் அப்படிப் பதினாலு ரூபி அட்டைகள் கிடந்தன. முதல் நாள் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. பாடம் இரண்டைத் திறந்தால் அவர் புத்தகத்தை மூடிவிடுவார். கண் கதவுக்கு ஓடும். அதனால் மூன்று வாரமாகப் பாடம் ஒன்றிலேயே நின்றோம். எதிரில் இருப்பவரை விசாரிப்பது, அதுதான் பாடம்.

அன்றும் வால்டர் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உங்க பேர் என்ன?" ஆங்கிலத்தில் கேட்டார் ரூபி.

"வால்டர்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு."

"உங்க மனைவி எப்படி இருப்பாங்க?"

வால்டர் திக்கவில்லை. "குள்ளமா இருப்பா. இடது புருவத்துல ஒரு தழும்பு. குளிர்காலத்துல சாம்பல் கையுறை போட்டுக்குவா."

ரூபியின் இடது புருவத்தில் தழும்பு இருந்தது. மடியில் அந்தக் கையுறை இருந்தது.

"ரொம்ப அழகா இருப்பாங்க போல" என்று சிரித்தார் ரூபி.

ஜெசிகா என் தொடையைக் கிள்ளினாள். "பாத்தீங்களா?"

வகுப்பு முடிந்ததும் ரூபி இறங்கினார். வால்டர் எண்ணிப் பத்தடி விட்டு இறங்கினார். மாடிப்படி வளைவில் அவர் கையைப் பிடித்தேன்.

"நில்லுங்க பெரியவரே. அந்தம்மா வீடு வரைக்கும் போறீங்களாமே? வெக்கமா இல்ல?"

"போய்த்தானே ஆகணும், தம்பி. என் வீடும் அதுதான்."

"என்னது?"

"நாப்பத்துநாலு வருஷமா."

பதிவேட்டில் அவர் குடும்பப்பெயர் மா, ரூபியுடையது சுன். எங்கள் ஊரில் என் அம்மா அப்பாவுக்கும் அப்படித்தான். கல்யாணம் ஆனாலும் பெண்களுக்குக் குடும்பப்பெயர் மாறாது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

"இங்கிலீஷ் டீச்சரா இருந்தவ. ஒவ்வொண்ணா மறந்துக்கிட்டே வர்றா. நானும் மறந்தாத்தானே அவ வகுப்புல உக்கார முடியும்?"

"மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, வீட்டுலயே வெச்சுக்கோங்கன்னுடுவாங்க. வீட்டுல நான் அவளுக்குத் திருடன். யாருடா நீன்னு கரண்டியைத் தூக்கி அடிக்கிறா. பக்கத்துல நடந்தா கத்துறா."

கீழே தெருவில் தேயும் காலடிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். தூரம் தவறிவிடக் கூடாதே என்கிற பதற்றம்.

"உன் வகுப்புல எல்லாருமே எல்லாருக்கும் புதுசு. இங்கதான் அவ என்னைப் பாத்துப் பயப்படறதில்ல. சிரிச்சுக்கிட்டே பேர் கேக்குறா. கையை விடு தம்பி, அவ தெருமுனையைத் தாண்டிடுவா."

விட்டேன்.

மறுநாள் ரூபி வந்தார். கையுறையைக் கழற்றினார். "நான் இன்னிக்குத்தான் சேர்ந்தேன்."

"வாங்க, உக்காருங்க" என்றேன். "எல்லாரும் பாடம் ஒண்ணை எடுங்க."

"மறுபடியுமா? என் கடைப் பாசிக்கே அது மனப்பாடம் ஆயிடுச்சு வாத்தியாரே!" ஜெசிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

கதவின் கண்ணாடிக்கு வெளியே பெக் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிழிக்கச் சொன்ன வால்டரின் அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. மடங்கிய ஓரத்தை நீவி, ரூபிக்கு எதிர் நாற்காலியின் முன்னால் வைத்தேன்.