படம் மட்டும்

"விண்டோஸ்ல ஒரே அமத்துல ஏறிட்டுதே. உனக்கு என்னடா?" கட்டாரிலிருந்து நபீஸ் தொலைபேசியின் ஸ்பீக்கரில் பதறினான். அங்கே வேலைக்குப் போன றிம்ஸானின் அறைத் தோழன் அவன்.

"இது லினக்ஸ். இந்த வீடியோ கோல் மென்பொருளுக்குத் துணையானதெல்லாம் தனித்தனியாப் போடணும். ஒண்டைப் போட்டா அது இன்னொண்டைக் கேக்குது," என்றான் அர்கம். போர் முடிந்த அடுத்த வருடம் அது. அர்கம் இருந்த கடற்கரைக் கிராமமான கண்டக்குழிக்கு இணையம் நூல் நூலாகத்தான் வந்தது.

"வேற மெஷின் இல்லையா?"

"லொட்ஜில வெள்ளைக்காரன்ட மெக் கம்பியூட்டர் இருந்திச்சி. அதுலயும் ஏறல்ல."

"லுஹர் தொழுகைக்கு முன்னம் முடி. பிறகு ஏலாது."

பக்கத்துக் கதிரையில் றிம்ஸானின் தாய் றஹ்மத் உம்மா இருந்தார். மகனைக் கண்டு மூன்று வருடம்.

"என்ட மகன் காத்திருக்கப் பழக்கமில்லாதவன்," என்றார் மெல்ல.

மறுபடியும் பிழை. "சத்தத்துக்கானது இறங்குதே இல்ல மாமி," என்றான் அர்கம்.

"சத்தம் வேணாம் மகன். படம் மட்டும் வந்தாப் போதும்."

அர்கம் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தத்தை விட்டுவிட்டுப் படத்துக்கானதை மட்டும் ஏற்றினான்.

"எல்லாரும் வந்து நிக்கிறாங்க," என்றான் நபீஸ்.

"நான் கத்தமாட்டன் எண்டு அவங்களுக்குச் சொல்லு," என்றார் உம்மா.

திரை கறுத்து, பிறகு வெளுத்தது. வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது. நபீஸின் கை வந்து, உடலைச் சுற்றியிருந்த கபன் துணியை றிம்ஸானின் முகத்திலிருந்து விலக்கியது.

உம்மா திரையைத் தடவினார். அர்கமிடமிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"பாத்துட்டன் மகன். இனி அவனைத் தூக்குங்க."