கரடி மடித்த இலை

மூன்று பந்தி தின்கிற கரடியார் டாக்டரிடம் போய் வயிற்றை அறுத்துச் சின்னதாக்கிக்கொண்டு, "நடந்தே இளைத்தேன்" என்று காடெல்லாம் கதை அளந்திருந்தார். நரி வீட்டுக் கல்யாணத்தில் நாலு வாய் சோற்றோடு இலையை மடித்தார்.

"கரடியே எந்திரிச்சா, சாம்பார்ல பல்லி விழுந்திருக்கும்டா!" என்றது குரங்கு. மளமளவென்று எல்லா இலைகளும் மடிந்தன. சமையல்காரப் பன்றி கரண்டியோடு ஓடிவந்தது. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, பாவி!"

அது அழுத அழுகையில் கரடியார் ரோமத்தை விலக்கித் தையல் தழும்பைக் காட்டினார். "சாம்பார் அமிர்தம்யா. என் வயித்தைத்தான் டாக்டர் வெட்டிட்டாரு."

புது இலை போட்டார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள், யானையைத் தவிர.

"அப்புறம் எதுக்குடா ஆறு மாசமா விடியக்காலையில என்னையும் இழுத்துக்கிட்டு நடந்தே?"