திரையில் எழும் புகை

பகல் காட்சி, அரங்கு நிறைந்திருக்கிறது. திரையில் குண்டுவீச்சு விமானத்துக்குள் ஏழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று தையல்காரி வேண்டிக்கொள்கிறாள். விமானத்தின் அடிக்கதவு திறக்கிறது. குண்டுகள் வரிசையாக நழுவி, சிறுத்து, காணாமல் போகின்றன. வெகு கீழே, தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தது போன்ற ஊரில், வெள்ளைப் புகை சத்தமில்லாமல் அங்கங்கே எழுகிறது. அரங்கமே கைதட்டுகிறது. அவளும் தட்டுகிறாள். பக்கத்தில் மாமியார் மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கண் கொட்டாமல் பார்க்கிறார்.

"அதுமாதிரி ஒரு புகைக்குள்ளதாம்மா நாங்க இருந்தோம்," என்கிறார், பக்கத்து வீட்டுச் சேதி சொல்வது போல. "எனக்கு ஆறு வயசு. நானும் அப்பாவும்தான் வெளிய வந்தோம்."

தையல்காரியின் கைகள் அந்தரத்தில் நின்றுவிடுகின்றன. பதினெட்டு வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒருநாளும் மாமியார் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இந்தப் படத்துக்குப் போகலாம் என்று காலையில் கிளப்பியதே அவர்தான்.

"அப்புறம் ஏன் அத்தை இதுக்கு வந்தீங்க?"

கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"மேலேருந்து பாத்தா நாங்க தெரிஞ்சிருப்போமான்னு பாக்கணும்னு இருந்துச்சு," என்கிறார் மாமியார். "தெரியலம்மா."