டம்ளரின் அடிவிளிம்பு

முடி அறுபடவில்லை.

இடது முன்கையில் சவரக்கத்தியை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார். முடிகள் படுத்துவிட்டு மறுபடியும் எழுந்து நின்றன.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே கத்தி, இதே கை. தொட்டதும் முடி தெறித்தது. கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் பாலும் கறிவேப்பிலையும் வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வந்து முகத்தில் நுரை பூசிக்கொண்டார். கத்தி மொன்னை.

இது நான்காவது நாள்.

எஃகு என்ன வெண்ணெயா, வைத்த இடத்தில் உருகிப்போக?

கண்ணாடிக்குக் கீழே அவர் மனைவி வாங்கி வைத்த பிளாஸ்டிக் ரேசர் பாக்கெட் இருந்தது. மூன்று நாளாக அதில்தான் மழித்துக்கொள்கிறார். முப்பத்தொரு வருடம் பம்பு கம்பெனி டூல்ரூமில் மைக்ரான் கணக்கில் இரும்பைத் தேய்த்த மனிதர். உக்கடம் பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடந்த ஜெர்மன் சவரக்கத்திகளைப் பொறுக்கி வந்து, பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் உயிர் கொடுத்தவர். கடைசியில் பிளாஸ்டிக்.

அவமானமாக இருந்தது.

முதல் நாள் சாணைக்கல்லைச் சந்தேகப்பட்டார். கல் நடுவில் குழிந்திருந்தால் கூர் நிற்காது. பென்சிலால் கல்லின்மேல் கட்டம் போட்டு, கோடெல்லாம் அழியும்வரை இன்னொரு கல்லில் தேய்த்துச் சமப்படுத்தினார். பென்சில் கோடு நேராக வரவில்லை. புழு ஊர்ந்த மாதிரி நெளிந்தது. கல் சொரசொரப்பு, அப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டார்.

இரண்டாம் நாள், கல்லில் தீட்டிய கூரை மெருகேற்றும் தோல்வாரைச் சந்தேகப்பட்டுப் புது வார் வாங்கினார்.

மூன்றாம் நாள் தண்ணீரை. போர்வெல் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, குடிக்க வைத்திருந்த சிறுவாணித் தண்ணீரில் கல்லை நனைத்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

கை போய்விட்டதோ?

கை போய்விட்டால் அப்புறம் அவரிடம் என்ன மிச்சம்?

சரி, அடியிலிருந்து ஆரம்பிப்போம் என்று எழுந்தார். அதற்கு ஒரு முறை உண்டு. சந்தேகமான கூரை முதலில் கண்ணாடியில் ஓட்டிச் சுத்தமாக மழுக்கிவிட வேண்டும். அப்புறம்தான் கல். இரண்டு மாதத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அதன் அடிவிளிம்பில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தபோது மனைவி பதறிவிட்டாள்.

"ஏனுங்க, தீட்டுற கத்திய நீங்களே மொன்னை பண்றீங்க?"

"பழைய கூர் செத்தாத்தான் புதுக்கூர் பொறக்கும்" என்றார் பெருமையாக.

அவள் அந்த டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அதை எடுத்து வந்து கவிழ்த்தார்.

அடிவிளிம்பில் சாம்பல் நிறத்தில் கோடு. கண்ணாடியில் எஃகு உரசினால் விழுகிற கோடு. அன்றைக்குத் தன்னுடையதை அவர் துணியால் துடைத்திருந்தார். நன்றாக நினைவிருக்கிறது.

விரல் வைத்தார். கரி ஒட்டியது.

ஒரு கோடு இல்லை. நான்கு.

சமையலறையில் அவள் அவரைக்காய் நறுக்கும் சத்தம் கேட்டது.

கோபம் தலைக்கேறியது. நான்கு நாளாக மனிதன் கல்லையும் தண்ணீரையும் திட்டிக்கொண்டு, தன் கையையே நம்பாமல் பைத்தியம் பிடித்து அலைகிறான். அவளோ வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்றைக்குக் கேட்டே விடுவது. டம்ளரை எவர்சில்வர் தட்டில் வைக்கப் போனார்.

வைப்பதற்குள் டம்ளர் தட்டின் விளிம்பில் டிக் டிக் டிக்கென்று அடித்தது.

அவர் கையைப் பார்த்தார்.

கோபத்தில் நடுங்குகிறது என்று காத்திருந்தார். கோபம் தணிந்தது. கை தணியவில்லை.

சமையலறையில் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

போன வாரம் காதுக்குக் கீழே பட்ட வெட்டு நினைவுக்கு வந்தது. துண்டெல்லாம் ரத்தம். கத்தியில் பிசிறு என்று சொன்னார். அவள் துண்டை அலசிப் போட்டாள். மறுநாள்தான் அந்த பிளாஸ்டிக் ரேசர் வந்தது.

நெளிந்த பென்சில் கோடும் நினைவுக்கு வந்தது.

இப்போது அவளிடம் என்ன கேட்பது? சண்டை போடுவதா, கும்பிடுவதா? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது எப்போதும் செய்வதைச் செய்தார். உட்கார்ந்து கல்லை நனைத்தார்.

கத்தியைக் கல்லின்மேல் படுக்க வைத்தார். கல் தாங்கிக்கொண்டதும் கை அடங்கியது.

ஒரு போக்கு. புரட்டி ஒரு வரவு.

முகத்தில் நுரை காய்ந்து தோலை இழுத்தது. அவர் நிறுத்தவில்லை. கல்லிலிருந்து வாருக்கு, வாரிலிருந்து முன்கைக்கு.

முடி தெறித்தது.

கை போகவில்லை. கல்லின்மேல் இருக்கும்வரை போகவில்லை. அந்தரத்தில் தூக்கினால்தான்.

கத்தியை மடக்கவில்லை. டம்ளருக்குப் பக்கத்தில் திறந்தபடியே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். காதோரம் கொஞ்சம் நுரை மிச்சமிருந்தது.

"கறிவேப்பிலை வாங்க மறந்துட்டேன். போயிட்டு வந்தர்றேன்."

அவர் சற்றுமுன் வாங்கி வந்த கொத்து, அவள் முன்னால் ஈரம் காயாமல் கிடந்தது. அவள் அரிந்த அவரைக்காயை அதன்மேல் தள்ளி மூடினாள்.

"அவசரமில்லீங்க. மெதுவாவே வாங்க."