கதவுச் சட்டத்தில் அம்மாவின் உயரம்

கொட்டகையின் தகரக் கூரையில் மழை இரைகிறது. நூற்றிருபது வயதான மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி மரக்கட்டைகளின்மேல் நிற்கிறது. ரயில்வே கழித்துக்கட்டிய பிறகு, சக்கரம் இல்லாமல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் ஒரு வயலோரம் நாற்பது வருஷம் இது வீடாகக் கிடந்தது. என் அம்மா டொரீன் பிறந்து வளர்ந்த வீடு. இப்போது காட்சிக்காக இதைப் புதுப்பிக்கும் தன்னார்வலர்கள் சுவர்க்காகிதத்தை உரித்துவிட்டார்கள். அடுப்புப் புகைக்குழாய்க்குப் போட்ட ஓட்டையை அடைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது கதவுச் சட்டத்தில் பென்சில் கோடுகள்: டொரீன் இரண்டு வயது, மூன்று வயது, அப்படியே ஏழு வரை. தன்னார்வலர்களில் ஒருவரான, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் டெஸ்மண்ட் அதன்மேல் உப்புத்தாளை வைக்கிறார். “அதை மட்டும் விட்டுடுங்க” என்கிறேன். “பெட்டி கட்டின வருஷத்துல எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கணும்மா. இங்க அதான் முறை. அப்புறம் சேர்ந்ததெல்லாம் அழுக்கு.” “அந்த அழுக்குதான் உங்க பின்னாடி நின்னு டீ குடிக்குது. எங்கம்மா.” அவர் காது சிவக்கிறது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இன்னும் பத்து வாக்கியம் நாக்கில் தயாராக இருக்கிறது. அம்மா கோப்பையைக் கீழே வைக்கிறாள். “சும்மா இருடி. காலேஜ் போனா வாய் இவ்வளவு நீளுமா? ஊரே பாக்க வர்ற வண்டி.” டெஸ்மண்ட் கையிலிருந்து உப்புத்தாளை வாங்குகிறாள். “எங்கப்பா கிறுக்கினதுங்க, மன்னிச்சுக்கங்க.” ஏழு வயதிலிருந்து கீழ்நோக்கித் தேய்க்கிறாள். யாரும் தடுக்கவில்லை. இரண்டு வயதுக் கோட்டுக்கு வரும்போது அம்மா டெஸ்மண்டின் காலடியில் மண்டியிட்டிருக்கிறாள்.